பூச்சியத்துக்குக் கீழே இருபது

பதினொன்றாம் நம்பர் என்னுடையது. உங்களுடையது? பதினாலா? அப்படியானால் நிதானமாக உட்காருங்கள் அக்கா. இப்போதுதான் ஆறு போயிருக்கிறது. ஆறாம் நம்பர்க்காரர் உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆகிறது. கரண்டும் இல்லை. சூரிய ஒளி, பேட்டரி, பசுமை என்று இந்த ஆபீஸ் சுவர் முழுக்கப் படம் ஒட்டி வைத்திருக்கிறார்கள், வராந்தாவில் ஒரு ஃபேன் ஓட வழியில்லை. நீங்கள் சிரிக்கிறீர்கள். முதல் தடவை வந்தபோது நானும் சிரித்தேன். இது மூன்றாவது தடவை.

நீங்கள் எதற்கு வந்தீர்கள்? கருவாடு காயவைக்கிற பெட்டியா? கண்ணாடி உடைந்துவிட்டதா, சரி. இப்போதே சொல்லி வைக்கிறேன், "பயனாளியின் அலட்சியம்" என்று எழுதுவார்கள். கல் விழுந்தாலும் அலட்சியம், காற்றடித்தாலும் அலட்சியம். எங்களுக்கும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். வாசிக்கிறேன் கேளுங்கள். "மீட்டர் பூச்சியம் காட்டிய பின்னரும் பயனாளி அலட்சியமாகப் படகை இயக்கியுள்ளார். எனவே மாற்று மோட்டார் வழங்க இயலாது. பயனாளியின் பெயர் திட்டத்திலிருந்து நீக்கப்படுகிறது." பயனாளி என்றால் என் அப்பா. தொபியாஸ் என்று பெயர். முப்பத்திரண்டு வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதை எழுதினால் என்ன குறைந்துபோகும், சொல்லுங்கள்?

இதற்குத்தான் மூன்று பக்கம் மனு டைப் பண்ணிக் கொண்டுவந்திருக்கிறேன். இன்று கொடுக்காவிட்டால் அவ்வளவுதான், பெயரை அடித்துவிடுவார்கள். அடித்தால் அப்பா கரையில் உட்கார வேண்டியதுதான். அவர் உட்கார்ந்து நீங்கள் பார்த்ததில்லை. நான் பதினைந்து நாளாகப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது, பஸ் கண்டக்டருக்கே தெரியாது. வேம்பாருக்குத் தெற்கே. அப்பாவிடம் இருப்பது வத்தை, சின்ன ஃபைபர் படகு, ஒரு ஆள் படகு. சாயங்காலம் நண்டு வலை போட்டுவிட்டு வந்து, விடிந்ததும் போய் எடுப்பார். ஊருக்கு ஆறு பேட்டரி மோட்டார் என்று இவர்கள் கொடுத்தபோது முதல் ஆளாகக் கையைத் தூக்கியவர் அப்பாதான். புகை இல்லை, சத்தம் இல்லை, நண்டுக்கே தெரியாமல் போய் நிற்கலாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒரு டிஸ்ப்ளே கொடுத்தார்கள். நாலு பச்சைக் கட்டை. செல்போனில் இருக்குமே, அதே மாதிரி. இங்கேதான் என் சண்டை ஆரம்பம். நான் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் கடைசி வருஷம் அக்கா, திருநெல்வேலியில். அந்தக் கட்டை வோல்டேஜைப் பார்த்துச் சொல்கிறது. இந்த வகை பேட்டரியில் வோல்டேஜ் கடைசி வரைக்கும் அப்படியே நிற்கும், கடைசியில் பொத்தென்று விழும். மூணு கட்டை, மூணு கட்டை, மூணு கட்டை, அப்புறம் ஒன்றுமில்லை. அதுவும் மோட்டாரை முறுக்கினால் ஒரு கட்டைக்கு இறங்கும், நிறுத்தினால் திரும்ப மூணுக்கு ஏறும். கடற்கரையில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? "பேட்டரிக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுத்தா ஏறும்லே." ரெஸ்ட்! பேட்டரி என்ன கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிவிட்டா வந்திருக்கிறது?

கட்டை பொய் சொல்கிறது என்று நான் இவர்களுக்குப் போன வருஷமே கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மனுவின் முதல் பக்கம் முழுக்க அதுதான்.

கடிதம் எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. என் ப்ராஜெக்ட்டே அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு சின்னப் பெட்டி, இவர்கள் மீட்டர் என்று எழுதியிருப்பது அதைத்தான். பேட்டரியிலிருந்து எவ்வளவு போகிறது, எவ்வளவு ஏறுகிறது என்று எண்ணிக் கழித்துக்கொண்டே இருக்கும். கட்டை கிட்டை எல்லாம் கிடையாது, நூற்றுக்கு எவ்வளவு மிச்சம் என்று நேராக நம்பர். நூறு, தொண்ணூறு, எண்பது. நானே சால்டர் வைத்தேன், டிபன் பாக்ஸுக்குள் வைத்துத் தண்ணீர் புகாமல் ஒட்டினேன். அப்பா வத்தையில் மாட்டினேன். அப்பா கிளம்பும்போதும் திரும்பும்போதும் காலண்டர் தாளுக்குப் பின்னால் நம்பரை எழுதி வந்து கொடுப்பார். தேதி, நேரம், மிச்சம். ஒரு நாள் விட்டதில்லை. நண்டு இல்லாத நாளில்கூட மிச்சத்தை எழுதிக்கொண்டு வந்தார்.

பெர்க்மான்ஸ் அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கும் இந்தத் திட்டத்தில் மோட்டார் கொடுத்திருந்தார்கள். அவருக்கும் ஒன்று செய்து தருகிறேன் என்று சொன்னேன். கடற்கரையில், பத்துப் பேர் முன்னால் அவர் சொன்னார், "ஏட்டி, ஒஞ்சோத்து டப்பாவப் பாத்துட்டுக் கடலுக்குப் போறதுக்கு நான் சேலையக் கட்டிட்டு வீட்டுல இருப்பேன்." பத்துப் பேரும் சிரித்தார்கள். நான் கேட்டேன், சேலை கட்டினவர்கள் யாரும் வீட்டில் சும்மா இருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, உங்கள் நண்டை விற்கிறது யார், வலையில் சிக்கெடுக்கிறது யார் என்று. அதற்குள் அவர் போய்விட்டார். என்னிடம் பேச வருகிற ஆண்கள் எல்லாம் பாதியில் போய்விடுகிறார்கள் அக்கா.

சரி, அதை விடுங்கள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புரியாது. எதையும் கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிகிற மனிதர். பற்பசைக் குழாயைக் கத்திரித்து உள்ளே வழிப்பார். கேஸ் சிலிண்டரைச் சாய்த்துப் போட்டு இரண்டு நாள் ஓட்டுவார். இந்த மனிதர் கையில் சரியான நம்பரைக் கொடுத்தால் என்ன செய்வார்? ஒன்று வரைக்கும் ஓட்டுவார். அதனால் பெட்டிக்கு செட்டிங் போடும்போது பேட்டரியின் கொள்ளளவு நூறு என்று போடாமல் எண்பது என்று போட்டேன். அதாவது, பெட்டி பூச்சியம் காட்டும்போது நிஜத்தில் இன்னும் இருபது இருக்கும். பாதுகாப்புக்கு. கடிகாரத்தைப் பத்து நிமிஷம் கூட்டி வைப்பதில்லையா, அதுபோல. சொல்லவில்லை. சொன்னால் அந்த இருபதையும் சேர்த்து ஓட்டுவாரே, பிறகு வைத்து என்ன பிரயோஜனம்?

இப்படிப் பார்க்காதீர்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். அம்மா தினமும் பொரித்த மீனில் ஒரு துண்டை உப்பு ஜாடிக்குப் பின்னால் கிண்ணத்தில் மூடி வைப்பாள். கேட்டால் "மீனு முடிஞ்சிட்டு" என்பாள். அப்பா சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போகிற வழியில் ஜாடிக்குப் பின்னால் கையை விடுவார். அம்மா பார்க்காத மாதிரி இருப்பாள். இருபத்தேழு வருஷமாக இது நடக்கிறது, ஒருநாளும் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நம்பர் என்ன, ஏழா? ஏழுதான். உட்காருங்கள்.

ஆடி பிறந்து இரண்டாம் வாரம் எனக்கு ரிவ்யூ வந்தது. கைடு மேடம் என் கணக்கைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார்கள், "பேட்டரி நூறு. உன் டேட்டாவில் எண்பதுதான் இருக்கு. மிச்சம் இருபதை யாரும்மா சாப்பிட்டா?" வகுப்பே சிரித்தது. ஒரு நம்பரைத் தப்பாகப் போட்டு அளந்தால் அது அளவே இல்லை என்றார்கள். அதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. அவர்கள் சொன்னது சரி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தேன், அப்பா பூசை முடிந்து சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார், நான் கரைக்குப் போய் எண்பதை அழித்துவிட்டு நூறு என்று போட்டேன். இரண்டு பட்டன். அன்றையிலிருந்து அந்தப் பெட்டி உண்மை பேசியது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும் அக்கா. விபத்து நடந்த அன்று அந்த மீட்டர் சரியாக இருந்தது. அதன் ஆயுசிலேயே அப்போதுதான் சரியாக இருந்தது. இதை யாரும் மறுக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை. நான் திருநெல்வேலியில் வகுப்பில் இருக்கிறேன். அப்பா வலையை எடுத்துவிட்டுத் திரும்புகிறார். அன்று எதிர்க்காற்று கூடுதல், மிச்சம் பத்து. கரைக்கும் வலைக்கும் நடுவே ஒரு பார் இருக்கிறது, கடலுக்குள் பாறை வரிசை, அதில் அலை உடையும். நடுவில் ஒரு வாய் உண்டு, அதற்குள் படகை ஒரே மூச்சில் ஓட்டிவிட வேண்டும். நடுவில் நின்றால் அலை தூக்கிப் பாறையில் போடும். சும்மா வந்தால் பத்தில் தாராளமாகத் தாண்டலாம். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அங்கே பெர்க்மான்ஸ் அண்ணன் நிற்கிறார். மூணு கட்டை, மூணு கட்டை, ஒன்றுமில்லை. அப்பாவைப் பார்த்ததும் கயிற்றை எறிகிறார். எங்கள் கரையில் கயிறு விழுந்தால் கட்டத்தான் வேண்டும். எறிந்தவன் யார், என்ன பேசினான் என்றெல்லாம் கிடையாது. நான் ஆஸ்பத்திரியில் வைத்து அப்பாவிடம் கேட்டேன், "அவரை நங்கூரம் போட்டு நிக்கச் சொல்லிட்டு, நீங்க கரைக்கு வந்து டீசல் வள்ளத்த அனுப்பிருக்கலாமேப்பா?" என்று. "கயித்த எறிஞ்சிட்டாம்லா" என்றார். அது ஒரு பதிலா? சொல்லுங்கள். என் மனுவில் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

இரண்டு வத்தையையும் இழுத்தால் பத்து என்ன ஆகும்? பாருக்குக் கிட்டே வருவதற்குள் பூச்சியம். வாயின் நடுவே மோட்டார் நின்றுவிட்டது. அலை தூக்கிப் பாறையில் வைத்தது. வத்தையின் அடி பிளந்து மோட்டார் தண்ணீருக்குள் போனது. படகுக்கும் பாறைக்கும் நடுவே அப்பாவின் வலது தோள். பெர்க்மான்ஸ் அண்ணன் குதித்துத்தான் இழுத்துக் கொண்டுவந்தார். இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. தோளுக்கு மேலே கை தூக்குவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், மழை வருவது சந்தேகம் என்கிற மாதிரி.

பூச்சியம் காட்டியதைப் பார்த்துவிட்டு ஏன் பாருக்குள் போனார்? அதுதானே உங்கள் கேள்வி? இந்த ஆபீஸ்காரர்களின் கேள்வியும் அதுதான். என் கேள்வியும் அதுதான். நாலு நாள் ஆஸ்பத்திரியில் அதையே கேட்டேன். வெளியே நங்கூரம் போட்டு நின்றிருந்தால் வேறு யாராவது வந்திருப்பார்களே. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "கவனிக்கலம்மா" என்றார். அப்பாவா? தினமும் நம்பரை எழுதுகிறவரா கவனிக்கவில்லை?

ஐந்தாம் நாள் பெர்க்மான்ஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். அம்மா அடுப்படியில் இருந்தாள். அப்பா கட்டிலில் தூங்கினார், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தார். அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார். "நான் கத்துனேன்ட்டி. மச்சான், பூச்சியம்னு நீயே சொல்லுத, உள்ள போவாத, வெளிய நிப்போம்னு கத்துனேன். ஒங்கப்பன் திரும்பிப் பாத்துச் சிரிச்சான். பயப்படாதல, பூச்சியத்துக்குக் கீழ இருபது கெடக்குன்னான். எம்பொண்டாட்டி உப்பு ஜாடிக்குப் பின்னால மீன ஒளிச்சு வைக்கா, எம்மவ பூச்சியத்துக்குப் பின்னால இருபத ஒளிச்சு வச்சிருக்கா, ரெண்டு பேரும் நமக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்காளுவோன்னான். பெருமையாச் சொன்னாம்ட்டி."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. மாட்டின இரண்டாம் மாதமே ஒரு நாள் பூச்சியத்துக்குப் பிறகும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். கண்டுபிடித்துவிட்டு, எனக்குத் தெரியக்கூடாது என்று, காலண்டர் தாளில் பூச்சியம் என்று எழுதி என் கையில் கொடுத்திருக்கிறார். ஏமாற்று வேலை இல்லையா இது? நான் ஒளித்தது பாதுகாப்புக்கு. அவர் ஒளித்தது எதற்கு? என் டேட்டா பாழ், அது வேறு விஷயம். தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானும் எடுத்துவிட்டேன் என்று சொல்லியிருப்பேனே. சொல்லியிருக்க மாட்டேனா? சொல்லியிருப்பேன்.

அதோடு விட்டாரா? இவர்கள் விசாரிக்க வீட்டுக்கு வந்தபோது நான் காலேஜில் இருந்தேன். இடது கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். "மீட்டர் சரியாகத்தான் காட்டியது. நான்தான் கவனிக்கவில்லை." எழுத்து எட்டுத் திக்கும் ஓடுகிறது, பாருங்கள், நகல் இருக்கிறது. ஏன்பா இப்படிப் பொய் எழுதினீங்க என்று சண்டை போட்டேன். "ஒனக்குப் பரிட்சை இருக்கில்லா" என்றார். பரிட்சைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மீட்டரில் கை வைத்தது நான் என்று தெரிந்தால் இவர்கள் காலேஜுக்கு எழுதுவார்கள், ப்ராஜெக்ட் போய்விடும் என்று யாரோ சங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், போய்விடும். ஒரு வருஷம் போய்விடும். அதற்காக? தன்மானம் வேண்டாமா ஒரு மனிதருக்கு? தப்பே செய்யாமல் அலட்சியம் என்று எழுதிக் கொடுக்கிறாரே, இப்படி எழுதிக் கொடுத்துத்தானே இவர்கள் இந்த ஸ்டாம்பையே செய்து வைத்திருக்கிறார்கள்?

மனுவிலா? இல்லை, மனுவில் எண்பது, நூறு எல்லாம் இல்லை. முதல் பக்கம் கட்டை டிஸ்ப்ளே. இரண்டாம் பக்கம் பயிற்சி கொடுக்காதது. மூன்றாம் பக்கம் என் கடிதத்துக்குப் பதில் போடாதது. மூன்று பக்கத்திலும் ஒரு பொய் கிடையாது. நீங்கள் எங்கே வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என்ன? திங்கட்கிழமையா?

நான் ஞாயிறு மாற்றினேன், செவ்வாய் அடிபட்டது, நடுவில் திங்கள் ஒன்று இருக்கிறதே என்கிறீர்கள். நீங்கள் கருவாட்டுப் பெட்டிக்கு வந்தீர்களா, வக்கீலா அக்கா?

ஆமாம். திங்கட்கிழமையும் கடலுக்குப் போனார். வழக்கமாக இருபத்தைந்தோடு திரும்புகிறவர் அன்று நாற்பதோடு வந்தார். நான் மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். காலண்டர் தாளைக் கொடுத்துவிட்டு, "இன்னிக்கு மிச்சம் கூடக் காட்டுதே, ஏதும் மாத்துனியாம்மா?" என்று கேட்டார். மாற்றினேன் என்றால் முதலில் ஒளித்ததையும் சொல்ல வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "காத்து கொறைவா இருந்திருக்கும்பா" என்றேன். ஆடி மாசத்தில். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது. அவர் என்னையும் பார்த்தார், வெளியேயும் பார்த்தார். "சரிம்மா" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களை நான் இனிமேல் பார்க்கப்போவதில்லை, அதனால் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஒரு நல்ல காரியம் நடந்தது, அதையும் கேளுங்கள். பெர்க்மான்ஸ் அண்ணன் தானாக வந்து, "எனக்கும் அந்த டப்பாவ மாட்டுட்டி" என்றார். கடற்கரையில், அதே பத்துப் பேர் முன்னால். யாரும் சிரிக்கவில்லை. மாட்டினேன். ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது, விடியும் வரைக்கும்.

இன்று காலை ஆறு மணி பஸ்ஸுக்கு மனுவை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். அப்பா கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். எதற்குப் போகிறாய் என்று கேட்கவில்லை. "பெர்க்மான்ஸுக்கு எவ்வளவு போட்ட? எண்பதா, நூறா?" என்றார். அந்த நம்பரை அவர் வாயால் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். "நூறுப்பா" என்றேன்.

"அவங்கிட்டச் சொல்லிட்டியா?"

அவ்வளவுதான் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. உப்பு போட்டாயா என்று கேட்கிற மாதிரி. நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். சொல்லவில்லை, அக்கா. பெர்க்மான்ஸ் அண்ணனுக்கும் சொல்லவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் எனக்கு அது தோன்றவே இல்லை. அப்பா சொன்னதைக் காதால் கேட்டவர் அவர், அன்று இரண்டு வத்தையை இழுத்ததில்தான் அந்த இருபதும் தீர்ந்தது, தன் டப்பாவிலும் பூச்சியத்துக்குக் கீழே இருபது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இன்று காலை போயிருப்பார். பஸ் ஏறியதும் போன் பண்ணினேன். கிடைக்கவில்லை. ஒன்பது மணிக்குக் கிடைத்தது, கரையில்தான் இருந்தார். பூச்சியம் என்றால் பூச்சியம்தான் அண்ணே என்றேன். "இத ஏன்ட்டி இப்பச் சொல்லுத?" என்றார். பாதியிலேயே போனை வைத்துவிட்டேன். நான்!

பதினொன்று என்றா கூப்பிட்டார்கள்? எட்டு, ஒன்பது, பத்து எங்கே? எழுந்து போய்விட்டார்களா? பார்த்தீர்களா, இப்படித்தான் ஆளை உட்காரவைத்தே விரட்டுகிறார்கள். இதைப் பற்றியும் ஒரு நாள் பேச வேண்டும் இவர்களிடம்.

பேனா வேண்டாம் அக்கா, வாயால் சொல்லிக்கொள்கிறேன். எண்பது போட்டது நான், நூறு போட்டது நான், கேட்டபோது காற்று குறைவு என்று சொன்னதும் நான். எழுதிக்கொள்ள வேண்டியது அவர்கள் வேலை. மீட்டர் சரியாகத்தான் இருந்தது, அதையும் சொல்வேன். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த மூன்று பக்கத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தாள் கனமாக இருக்கிறது. கரண்ட் வரும் வரைக்கும் விசிறிக்கொள்ள ஆகும்.